மச்சானின் கன்னும் வாரியத்தின் கல்லும்

வாரியக் கட்டடத்தின் முன்வாசலுக்கு மேலே பதித்திருந்த பெயர்க்கல் சுவரை விட்டு ஒரு விரல்கடை முன்னால் வந்திருந்தது. அதை முதலில் பார்த்தவர் ஒட்டுக்காரர். வாரியம் அவருக்குக் கொடுத்திருந்த பதவிப் பெயர் ஒன்றரை வரி நீளம். கண்ணாடி, பலகை, ஓடு, கல் என்று எது பிரிந்து வந்தாலும் பசை வைத்து ஒட்டுகிறவர் என்பதால், அந்த ஒன்றரை வரியை யாரும் வாயில் போட்டுக்கொள்ளவில்லை. ஒட்டுக்காரர் என்றால் போதும்.

கல்லும் சுவரும் சேருகிற இடத்தில், கல்லின் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு இறங்கினார். பதினைந்து நாள் கழித்து ஏறிப் பார்த்தால் கோடு சுவரை விட்டு ஒரு நகக்கண் அளவு தள்ளி நின்றது. நான்கு ஆள் தூக்கி வைத்த கல் அது. ‘கட்டட நலம் காக்கும் வாரியம்’ என்று பெரிதாகவும், ‘தாங்குவதே எம் பணி’ என்று அதற்குக் கீழே சிறிதாகவும் செதுக்கியிருந்தது. அதற்கும் கீழே பன்னிரண்டு படிகள். அந்தப் படிகளைக் காலை ஆறிலிருந்து ஏழு வரை பெருக்கித் துடைப்பது அவருடைய மனைவி.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர் ஒட்டுக்காரர். நான்கு வரி அறிக்கை எழுத ஒரு முழு விடுமுறை நாள் ஆயிற்று. வாரியம் அதை உடனே கவனித்தது. ஒரே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது: அதிகாரிகள் அனைவரும் மறு உத்தரவு வரும்வரை பின்வாசலைப் பயன்படுத்தவும். கோப்பின் மேல் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கட்டி வைத்துவிட்டார்கள். துப்புரவு வேறு பிரிவு என்பதால் சுற்றறிக்கை அங்கே போகவில்லை. படி பெருக்குகிறவளை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று அந்தப் பிரிவில் கேட்டதற்கு, முன்படிதான் வாரியத்தின் முகம், முகத்தைக் கழுவாமல் இருக்க முடியாது என்று சொன்னார்கள்.

“அவங்க முகத்துக்கு என் மண்டையா?” என்றாள் மனைவி. “நீங்க ஒட்டுறவர்தானே, ஒட்டிட்டுப் போங்களேன்.”

ஒட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கல்லைத் தாங்கும் கட்டிப் பசை ஸ்டோரில் பன்னிரண்டு குழாய் இருந்தது. அதைக் கல்லின் முதுகுக்குப் பின்னால் ஆழமாகச் செலுத்தக் கன் வேண்டும், அதாவது குழாயை மாட்டி விசையை அமுக்கினால் பசையைத் தள்ளுகிற துப்பாக்கி மாதிரிக் கருவி. ஸ்டோரில் இருந்த கன், குளியலறை ஓரத்துக்கு வெள்ளைச் சிலிக்கான் இழுக்கிற கன். தகரச் சட்டம், பல் வெட்டிய ஒல்லிக் கம்பி. விசையை ஒரு கிலோ அமுக்கினால் பின்னாலிருந்து ஆறு கிலோ தள்ளும். வெள்ளைச் சிலிக்கான் அதற்கே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கட்டிப் பசை அப்படியில்லை. ஆறிப்போன களி மாதிரி உட்கார்ந்திருக்கும். ஒன்றுக்குப் பதினெட்டு தள்ளுகிற கன் இருந்தால்தான் மூக்கு வழியாக எட்டியாவது பார்க்கும்.

இருப்பதை வைத்து முயன்று பார்த்தார். முதல் கன்னின் விசை வளைந்தது. இரண்டாவதில் பல் மழுங்கிக் கம்பி வழுக்கியது. மூன்றாவது கன்னின் சட்டமே வாயைப் பிளந்து, குழாயை வெளியே துப்பிவிட்டது.

மூன்று கன் போனதும் சேத விசாரணை வந்தது. விசாரணை அதிகாரி ஒட்டுக்காரரின் கையைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்துகொண்டார். பிறகு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். பந்து வெடித்தது. கன்னில் குறை இல்லை, பணியாளரின் பிடிவிசை அனுமதிக்கப்பட்ட அளவை விட அதிகம் என்று அறிக்கை எழுதினார்கள். பணி நேரத்தில் அவர் எந்தக் கருவியையும் மோதிர விரல், சுண்டு விரல் ஆகிய இரண்டால் மட்டுமே கையாள வேண்டும் என்று உத்தரவாயிற்று.

“சாப்பிடறப்பவாவது அஞ்சு விரலுக்கும் அனுமதி உண்டா, இல்ல அதுக்கும் எழுதிப் போடணுமா?” என்று மனைவி கேட்டாள்.

அவளுடைய தம்பி, அதாவது ஒட்டுக்காரரின் மச்சான், கடைகளுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். அவனிடம் ஒரு கன் இருந்தது. கனத்த இரும்புச் சட்டம், பல்லே இல்லாத வழவழப்பான உருட்டுக் கம்பி, கட்டைவிரலால் தட்டினால் அந்த நொடியே தள்ளுவதை நிறுத்தும் பின்கட்டை. ஒன்பது வருஷமாக அதைத்தான் வைத்திருந்தான். வேலையிடத்தில் மாறிப் போகாமலிருக்கப் பிடியில் ஆணியால் மூன்று கோடு கீறியிருந்தான். அக்காவின் தலைக்கு மேல் கல் நிற்கிறது என்றதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தான். மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்த ஒட்டுக்காரரை வாயில் காவலர் நிறுத்தினார். வெளிக்கருவி உள்ளே வரக்கூடாது. வந்துவிட்ட கருவி வெளியே போகவும் கூடாது. கன்னை வாங்கிக்கொண்டு சீட்டு ஒன்று கொடுத்தார். சீட்டில் ‘கிடைத்த பொருள்’ என்று எழுதியிருந்தது.

இப்படி ஒரு கல், உடைந்த மூன்று கன், பிடிபட்ட ஒரு கன், பழுதான ஒரு கை எல்லாம் சேர்ந்த பிறகுதான் வாரியம் விழித்துக்கொண்டது. ‘நீடித்து உழைக்கும் கைவிசைப் பசை உந்துகருவித் தேர்வுக் குழு’ அமைந்தது. ஒன்பது பேர், தலைவர் வாரிய இயக்குநரே. விதிப்படி ஏழு மாதிரிகளை ஒப்பிட வேண்டும். ஆறு கடைக்காரர்கள்தான் அனுப்பினார்கள். ஏழாவதற்காக இரண்டு மாதம் காத்திருந்தார்கள். கடைசியில் ஸ்டோர்காரர் தன் அலமாரியைக் குடைந்து, ‘கிடைத்த பொருள்’ ஒன்று இருக்கிறதே என்று எடுத்து வந்து வைத்தார். பச்சைத் துணி விரித்த மேசையில், பளபளவென்ற ஆறு கன்களுக்குப் பக்கத்தில், காய்ந்த பசைத் திவலைகளோடு மச்சானின் கன் உட்கார்ந்தது.

ஒட்டுக்காரரையும் அழைத்திருந்தார்கள். பயனர் பிரதிநிதி. நாற்காலி உண்டு, பேசக்கூடாது, தேவையானால் கையை உயர்த்தலாம். மச்சானின் கன்னைக் கண்டதும் அவர் உத்தரவை மீறாமல் மோதிர விரலையும் சுண்டு விரலையும் உயர்த்தினார். இயக்குநர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, போய்விட்டுச் சீக்கிரம் வரச் சொன்னார்.

சோதனைகள் தொடங்கின. கட்டிப் பசையை வைத்துச் சோதிக்க முடியாது. பசை என்பது அனுமதிக்கப்பட்ட பணிக்கு மட்டுமே உரியது, சோதனை பணி ஆகாது. ஆகவே காலிக் குழாயைப் போட்டு அமுக்கினார்கள். ஏழு கன்னும் அருமையாகத் தேறின. கெட்டியாக ஏதாவது வேண்டாமா என்று ஓர் உறுப்பினர் மனசாட்சியோடு கேட்டார். இயக்குநர் தன் மேசை இழுப்பறையிலிருந்து கை வறளாமல் தடவிக்கொள்ளும் கிரீமை எடுத்துக் கொடுத்தார். அறை முழுக்க ரோஜா வாசம். ஏழும் தேறின. அடுத்தது விழுதல் சோதனை. ஓர் ஆள் உயரத்திலிருந்து போட வேண்டும். ஆனால் தரை, தரைப் பிரிவுக்குச் சொந்தம். ஓடு உடைந்தால் அவர்கள் கேள்வி கேட்பார்கள். மெத்தை விரித்து அதன்மேல் போட்டார்கள். ஏழும் தேறின. மெத்தை ஓரத்தில் கிழிந்ததற்குத் தனி விசாரணை வைத்தார்கள்.

ஏழும் தேறிவிட்டதால் குழுவுக்குத் தலைவலி. ஒரு மாதம் யோசித்து, தபால் பிரிவிலிருந்து கடிதம் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தார்கள். எது கனமோ அது உறுதியானது. காய்ந்த பசையோடு சேர்த்து மச்சானின் கன் முதலில் வந்தது. பிடியில் கீறியிருந்த மூன்று கோட்டை ஓர் உறுப்பினர் கண்டுபிடித்தார். மற்ற ஆறில் ஒரு கோடுகூட இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். ‘மூன்று கோட்டுத் தரம்’ என்று குறிப்பில் ஏறியது.

அதற்கு மேல் ஒட்டுக்காரரால் வாயைக் கட்ட முடியவில்லை.

“ஐயா, அது என் மச்சானோட கன்னு. ஒன்பது வருஷமா அவன் கையில கிடந்து உழைச்சது. தரம் பாக்க வேற ஒண்ணுமே வேணாம். ஒரு மணி நேரம் குடுங்க, கல்ல ஒட்டிட்டு இதே மேசையில வெச்சிடறேன். கல்லுக்குக் கீழ என் வீட்டுக்காரி நிக்கிறாய்யா.”

எழுத்தர் குனிந்து எழுதினார். கூட்டக் குறிப்பில் அது இப்படிப் பதிவாகியிருந்தது: ‘பயனர் பிரதிநிதி தேர்வுபெற்ற கருவியைத் தம் குடும்ப உறுப்பினராகவே கருதி நெகிழ்ந்தார்.’

இதற்கிடையில் ஒட்டுக்காரர் வாரா வாரம் ஸ்டோருக்குப் போய்ப் பசைக் குழாய்களைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து வந்தார். அவற்றுக்கும் ஆயுசு உண்டே. பன்னிரண்டு குழாயில் ஐந்து அடியிலிருந்து இறுகிக் கட்டையாகிவிட்டன. தராசு வந்தபோது நான்குதான் விரலுக்கு இசைந்து கொடுத்தன. பிறகு இரண்டு. பென்சில் கோடு சுவரை விட்டு ஒரு விரல் அளவு விலகியிருந்தது. விடியற்காலையில் மனைவி துடைப்பத்தோடு படியேறும்போது, அவர் எதிர்ச் சாரியில் நின்று கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். அது விழுந்தால் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது. பார்ப்பதை விட்டால் விழுந்துவிடும் என்று மட்டும் தோன்றும்.

இறுதிக் கூட்டத்தில் ஸ்டோர்காரரின் பதிவேட்டை அலசிய ஆய்வு ஒன்று படிக்கப்பட்டது. வேலைக்குக் கொடுத்த கன்கள் சராசரியாக மூன்று மாதம் உழைத்தன. கொடுக்காமல் அலமாரியிலேயே வைத்திருந்தவை இருபது வருஷமாகப் புத்தம் புதிதாக இருந்தன. இயக்குநர் எழுந்து நின்றார்.

“நீடிச்சு உழைக்கிறது எதுன்னு எட்டு மாசமா தேடினோம். பதில் நம்ம அலமாரியிலயே இருந்திருக்கு. வெளிய போனதெல்லாம் உடைஞ்சிருக்கு. உள்ள இருந்தது ஒண்ணுகூட உடையல. ஆக, குறை கன்னுல இல்ல, வேலையில இருக்கு. என்னையே எடுத்துக்கங்க. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒரு கீறல் உண்டா? எப்படி? ஒரு வேலைக்கும் என்னை யாரும் வெளிய எடுத்ததில்ல.”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். ஒட்டுக்காரரும் உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டினார்.

தேர்வான கருவி என்றென்றும் கெடாமலிருக்க, அதை முன்கூடத்துச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திறப்பு விழா நடத்துவது என்று முடிவாயிற்று. ஒரே ஒரு சிக்கல்தான். முன்கூடத்துச் சுவர் மெருகேற்றிய கல். அதில் ஆணி இறங்கக்கூடாது என்பது சுவர்ப் பிரிவின் விதி. பெட்டியை ஒட்டத்தான் வேண்டும். கல்லில் ஒட்டக் கட்டிப் பசை வேண்டும். கட்டிப் பசையைத் தள்ள நல்ல கன் வேண்டும். நல்ல கன் இந்த வாரியத்திலேயே ஒன்றுதான் இருந்தது.

உத்தரவு வந்தது. கண்ணாடிப் பெட்டியைப் பொருத்தும் பணிக்காக, தேர்வுபெற்ற கருவி ஒன்றும் பசைக் குழாய் இரண்டும் நாளைக் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை வழங்கப்படும். ஒட்டுக்காரர் எழுத்துக்கூட்டி அதை மூன்று தடவை படித்தார். பிறகு வீட்டுக்குப் போய் மனைவிக்கு ஒரு தடவை படித்துக் காட்டினார்.

மறுநாள் ஸ்டோர்காரர் கன்னை நீட்டும்போது கடிகாரத்தைப் பார்த்தார், ஒட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

“பெட்டிக்கு எவ்வளவு பசைன்னு உத்தரவுல போடல,” என்றார். “நான் டீ குடிக்கப் போறேன். சரியா ஒரு மணி நேரம் குடிப்பேன்.”

மனைவி பெருக்கி முடித்து வாசலில் காத்திருந்தாள். வாளியில் வெதுவெதுப்பான நீர் வைத்திருந்தாள். பசை இளகட்டும் என்று அவர் இரண்டு குழாயையும் அதில் போட்டார். இரண்டு சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்து, குறுக்கே பலகை வைத்து, ஆப்பை மெல்ல மெல்ல அடித்தார். கல் ஒரு முனகலோடு ஒரு விரல் பின்னால் போனது. மீதி இடைவெளியில் கம்பி பிரஷை விட்டுப் பல வருஷத் தூசியைச் சுரண்டி எடுத்தார். ஏணி ஆடியது. அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

“நீ தள்ளிப் போ,” என்றார். “கல்லுக்கு நேர் கீழ நிக்கிற.”

“எட்டு மாசமா இங்கதான் நிக்கிறேன். நான் போனா ஏணிய யாரு பிடிக்கிறது, இயக்குநரா?”

அவர் குழாயை எடுத்துத் துடைத்தார். மூக்கைச் சாய்வாக வெட்டி, ஆணியை விட்டு உள்தோலைக் குத்தினார். கட்டைவிரலால் பின்கட்டையை அமுக்கிக் கம்பியை இழுத்து, குழாயை உட்கார வைத்து, விசையை அமுக்கினார். இரண்டு விரலால் அல்ல. எட்டு மாதமாகச் சும்மா கிடந்த மூன்று விரலும் சேர்ந்து அமுக்கின. கன் கொஞ்சம்கூட நெளியவில்லை. உள்ளே எங்கோ ஆழத்தில் பசை நகர்வது பிடியில் தெரிந்தது. கீழிருந்து மேலாக, அவசரப்படாமல், கல்லின் முதுகு நிறைகிறவரை செலுத்தினார். இடம் மாறும்போதெல்லாம் கட்டைவிரல் தானாகப் பின்கட்டைக்குப் போனது. ஒரு சொட்டு அவள் தலையில் விழவில்லை. முதல் குழாய் தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்த மாதிரி இருந்தபோது கல்லின் மேல் ஓரத்தில் பசை கோடாகப் பிதுங்கியது.

மணி எட்டு ஐம்பத்தொன்று. மூக்கில் மட்டும் கொஞ்சம் பசை மிச்சமிருந்தது. உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியின் நான்கு மூலையிலும் மிளகளவு வைத்துச் சுவரில் அமுக்கினார். நின்றது. எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. முட்டுக் கம்புகள் ஒரு நாளாவது அப்படியே இருந்தால்தான் பசை பிடிக்கும். மனைவி ‘ஈரத்தரை, கவனம்’ என்ற தன் மஞ்சள் பலகையை அவற்றின் மேல் மாட்டிவிட்டாள். அதிகாரிகள் எல்லோரும் பின்வாசல் என்பதால் அதுகூடத் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் பதினொரு மணிக்குத் திறப்பு விழா. பெட்டிக்கு மேல் சிவப்புத் திரை. இயக்குநர் முக்கால் மணி நேரம் உறுதியைப் பற்றிப் பேசிவிட்டுக் கயிற்றை இழுத்தார். திரை வந்தது, அதன் பின்னாலேயே பெட்டியும் வந்தது. கண்ணாடி தூள் தூளாயிற்று. கன் மெருகேற்றிய தரையில் இரண்டு தரம் குதித்து, உருண்டு, இயக்குநரின் ஷூவுக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஸ்டோர்காரர் குனிந்து எடுத்து ஒரு தரம் அமுக்கினார். ‘டக்’கென்று கம்பி நகர்ந்தது. ஒரு கீறல் இல்லை, மச்சான் போட்ட மூன்றைத் தவிர.

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். மெத்தை இல்லாமலேயே விழுதல் சோதனையில் கருவி வென்றுவிட்டது என்று அறிவித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பெட்டியை மறுபடி ஒட்ட வேண்டுமே. புதுப் பசைக் குழாய்கள் ஒரு பெட்டி வந்தன. மறுபடி உத்தரவு: கருவி ஒன்று, குழாய் இரண்டு, நேரம் ஒரு மணி. அந்த ஒரு மணியில் ஒட்டுக்காரர் இரண்டாம் மாடியில் கழன்றுகொண்டிருந்த கண்ணாடித் தடுப்பைச் சரிசெய்தார். பெட்டிக்கு மிளகளவு. இந்த முறை நாற்பது நாள் நின்றது. அடுத்த முறை பட்டாணியளவு வைத்துப் பார்த்தார், மூன்று மாதம் ஓடியது. அது அதிகம் என்று குறைத்துக்கொண்டார். நான்காவது தடவை விழுந்தபோது வாரியம் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டது. பெட்டி ஏன் நிற்பதில்லை என்று ஆராயக் குழு அமைந்தது. கருவியின் பெருமையைத் தாங்கும் வலு சுவருக்கு இல்லை என்று அது கண்டறிந்தது.

மச்சான் தன் கன்னைத் திருப்பித் தருமாறு எழுதிப் போட்டிருந்தான். வேலை நாட்களில் பத்திலிருந்து ஐந்து வரை பார்வையிடலாம் என்று பதில் வந்தது. ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

“நம்ம கிட்ட இருந்தப்ப மரியாதை தெரியாம வேலை வாங்கிட்டோம் மாமா,” என்றான்.

பென்சில் கோடு இப்போது சுவரை ஒட்டியே நிற்கிறது. மாதம் ஒரு தடவை ஒட்டுக்காரர் ஏறி நகத்தை விட்டுப் பார்ப்பார். நகம் இறங்காது. போன வாரம் அவர் ஏணியை விட்டு இறங்கும்போது மனைவி கடைசிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் மாடிப்படிக் கைப்பிடி அடியோடு ஆடுகிறது, நேற்று நீர் வாளியோடு அதைப் பிடித்தவள் அப்படியே சாயப் பார்த்தேன் என்று சொன்னாள்.

“அடுத்த தரம் பெட்டி எப்ப விழும்?” என்று கேட்டாள்.

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். “இன்னும் ஒரு பத்து நாள் நிக்கும். அந்தப் பெரிய கதவ யாராச்சும் ஓங்கிச் சாத்தினாத்தான் முன்னாலயே விழும்.”

அவள் துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு, பெயர்க்கல்லுக்குக் கீழே நிதானமாக நடந்து உள்ளே போனாள். போனவள், கதவை ஓங்கிச் சாத்தினாள்.